1803: தோல்விக்குத் துரோகி தேவையில்லை

1803 பெப்ரவரியில் கண்டி நகரை ஆங்கிலேயப் படை பிடித்தது. நான்கு மாதம்தான் தாக்குப்பிடித்தது. காய்ச்சலில் பாதிப்படை படுத்துவிட, மேஜர் டேவியின் காவற்படை ஜூன் இறுதியில் மகாவலிக் கரையோரம் அழிந்தது. அதன்பின் வடக்கே வன்னியில் நடந்ததைப் பண்டாரவன்னியன் என்ற தனியொருவனின் வீரக்கதையாக மட்டும் சொல்வது வன்னி மண்ணுக்கே அநீதி.

வன்னியர்களின் ஆட்சிப் பகுதிகளான வன்னிமைகளுக்கு அந்நியன் புதியவனல்ல. ஒல்லாந்தர் திறையாக யானை கேட்டார்கள். வன்னியர்கள் கொடுத்தும் கொடாமலும் காலம் கடத்தினார்கள். 1782இல் ஒல்லாந்தர் படையோடு உள்ளே வந்தார்கள். 1795இல் முல்லைத்தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனது. கொடி மாறியது, கோட்டை அங்கேயே நின்றது.

பண்டாரவன்னியன் கண்டியரசோடு கைகோத்தான். கண்டிப் படைகள் மற்ற எல்லைகளில் ஆங்கிலேயரை நெருக்கிய காலத்திலேயே, 1803 ஆகஸ்ட் 25இல், முல்லைத்தீவைத் தாக்கினான். கப்டன் வொன் ட்ரிபேர்க்கின் காவற்படை கடல்வழியாக யாழ்ப்பாணத்துக்கு ஓடியது. வன்னிப் படை ஆனையிறவு வரை ஏறியது. வேளை பார்த்து, துணை தேடி, கோட்டையைக் குறிவைத்த அரசியல் இது. இதை வெறும் ஆவேசம் என்று எவரும் எழுத முடியாது!

பிறகு தோற்றது எதனால்? யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று திசையிலிருந்தும் ஆங்கிலேயப் படை வந்தது. துரத்தப்பட்ட அதே ட்ரிபேர்க் மன்னார்ப் பக்கமிருந்து வந்து, ஒக்டோபர் 31 விடியற்காலையில், ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன்மீது பாய்ந்தான். தோல்விக்கு இவ்வளவு காரணம் போதாதா?

ஆனால் நம் மேடைகளுக்கு ஒரு காக்கை வன்னியன் வேண்டியிருக்கிறது. அவன் பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்தானாம்! யாழ்ப்பாண வைபவமாலையில் வரும் காக்கை வன்னியன், போர்த்துக்கேயர் காலத்தில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியைப் பிடித்துக்கொடுத்தவன். மயில்வாகனப் புலவர் அந்த நூலை எழுதியதே ஏறத்தாழ 1736இல், பண்டாரவன்னியனின் போருக்கு இரண்டு தலைமுறை முன்பு. மேடை நாடகத்துக்காக அவனைப் பண்டாரவன்னியனின் காலத்துக்கு இழுத்து வந்தது நாடகாசிரியரின் உரிமை. அதையே வரலாறாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, மூன்று படைகளின் பொறுப்பை ஒரு தமிழன் தலையில் கட்டுவது. அடித்தவனை விட்டுவிட்டு அயலவனைச் சந்தேகிக்கும் பழக்கம் அங்கேதான் வளர்கிறது.

கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நட்ட கல்லில் இருந்தது மூன்றே செய்தி: வென்றவன் பெயர், தோற்றவன் பெயர், 1803 ஒக்டோபர் 31 என்ற நாள். காட்டிக்கொடுத்தவன் என்று எவனும் அதில் இருக்கவில்லை.