பொன்னாடை வேண்டாம், கூலியைக் கொடு!



நேற்று ஒரு கைவினைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கு வாழ்வு தருகிற சமூகத் தொழில் நிறுவனம் என்று வாசலில் பேனர். தலைவர் படம் ஆள் உயரத்துக்கு. உழைக்கிறவர்கள் படம் தபால்தலை அளவுக்கு! துணிப்பை ஒன்று 350 ரூபாய். ஓரத்தில் ஒரு தங்கை, இடது காலில் காலிப்பர், வலது காலால் மட்டும் மிஷினை மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தது. "சம்பளம் எவ்வளவும்மா?" என்றேன். "சம்பளம்னு இல்லண்ணே, டிரெயினிங்தான். மதியச் சாப்பாடும் மாசம் ஆயிரம் ரூபாயும் தர்றாங்க. அஞ்சு வருஷமா."

அஞ்சு வருஷமா! எம்.பி.பி.எஸ். படிப்பே நாலரை வருடம்தானய்யா! பை தைக்க அஞ்சு வருடப் பயிற்சியா? கூலி எங்கே?

கேட்டால், "வீட்டில் சும்மா கிடந்தவர்களுக்கு மனநிறைவு கொடுத்திருக்கிறோம்" என்கிறார்கள். மனநிறைவை அண்ணாச்சி கடையில் நீட்டினால் கால் கிலோ பருப்பு போடுவாரா? ஆண்டுவிழாவில் பொன்னாடை போர்த்தக் காசு இருக்கிறது; பி.எஃப். கட்டக் காசில்லை. கூலி எங்கே?

ஊனமுற்றவருக்குக் கூலி வேண்டாம் என்கிற இந்தப் புத்தி இன்றைக்கு வந்ததல்ல. 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தையே எடுத்துப் பாருங்கள். உடல் ஊனமுற்ற தொழிலாளியின் கூலிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அரசு உத்தரவிடலாம் என, 26-ஆம் பிரிவில் எழுதிவைத்தார்கள். கால் குறைந்தால் வயிறும் குறையுமா?

கூலி கொடுத்துத் தொழில் நடத்த முடியாதா? லிஜ்ஜத் அப்பளம் தெரியுமல்லவா? 1959-இல் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள், 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கியது. காலையில் மாவு வாங்கிப்போய், வீட்டில் அப்பளம் இட்டு, மறுநாள் எடைபோட்டுக் கொடுத்துக் கூலியை எண்ணி வாங்குகிறார்கள். அங்கே உருட்டுகிறவள்தான் உரிமையாளர். லாபத்திலும் அவளுக்குப் பங்கு. ஏழைப் பெண்கள் நடத்திக் காட்டியதை, கோட்டு போட்ட நிறுவனத் தலைவர்களே, உங்களால் முடியாதா?

நல்ல நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றை நடத்துகிறவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் கூலி கொடுக்காதவன் செய்வது சேவையல்ல, திருட்டு! ஊனத்தைக் காட்டி விற்கிற திருட்டு!

வருகிற திங்கட்கிழமை தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறோம். அஞ்சு வருடக் கூலியும் பாக்கி வைக்காமல் வர வேண்டும். வாங்காமல் அந்த வாசலை விட்டு எழுந்திருக்க மாட்டோம். எல்லாரும் வாருங்கள்!