தொழிற்சங்கத்தில் நாம் சேர வேண்டுமா?

(செஞ்சியில் நடைபெற்ற வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



நம் கழகத்தால் எழுத்தறிவு பெற்ற பிள்ளைகள் இன்று அரிசி ஆலையிலும், நெல் மூட்டை சுமக்கும் விற்பனைக் கூடத்திலும், பேரூராட்சித் துப்புரவுப் பணியிலும், அரசு அலுவலகங்களிலும் உழைக்கின்றனர். அவர்கள் நம்மிடம் கேட்பது ஒன்றே: "ஐயா, சங்கத்தில் சேர்ந்தால் நமக்கென்ன பயன்?"

இக்கேள்வி சந்தாக் காசைப் பற்றியது மட்டுமன்று. சந்தாவை வாங்கிய கை, தண்ணீர்க் குவளையை நீட்டத் தயங்கியதை நாம் கண்டிருக்கிறோம். ஊர்வலத்தில் முன்வரிசையில் நடந்த நம்மவர் பெயர், நிர்வாகிகள் பட்டியலில் இல்லாதிருந்ததையும் கண்டிருக்கிறோம். எனவே, அவர்தம் ஐயம் நியாயமானதே.

1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா தலைமை ஏற்றார்; திரு. வி. க. தோள்கொடுத்தார். 1921-இல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் நிகழ்ந்த வேலைநிறுத்தம் பல மாதங்கள் நீடித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குச் சென்றனர். அவர்களைக் கருங்காலிகள் என ஏசியோர் உண்டு. ஆனால் அன்றாடக் கூலியின்றி அடுப்பெரியாத வீடுகளை எண்ணிப் பார்த்தோர் எத்தனை பேர்? புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. எம். சி. ராஜா நம் மக்களுக்காக வாதாடினார். முடிவு என்ன? வேலைநிறுத்தம் தோற்றது. சாதியால் பிளவுண்ட உழைப்பாளிகளில் எத்தரப்பும் வெல்லவில்லை.

பிளவு தந்த பாடத்தை நன்குணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். பம்பாய் ஆலைகளில் நல்ல கூலி தரும் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோர்க்கு இடமில்லை என்பதை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். 1938 பிப்ரவரியில் மன்மாடில், ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில், நம் பகைவர் இருவர். ஒன்று பார்ப்பனியம், மற்றொன்று முதலாளித்துவம் என்று உரைத்தார். அதே ஆண்டு நவம்பர் 7-இல், வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்திய மசோதாவை எதிர்த்துப் பிற தொழிலாளர் தலைவர்களோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார். பின்னர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த காலத்தில், 1946-இல், ஆலைத் தொழிலாளர்க்கு வாரம் 48 மணி நேரம் என்னும் வரம்பு சட்டமாயிற்று. சங்கங்களின் குறையை மறைக்கவுமில்லை, ஒதுங்கி நிற்கவுமில்லை.

எனவே நம் விடை: சேர வேண்டும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாகாது. தனி ஒருவன் கேட்டால் அது மனு. நூறு பேர் கேட்டால் அது பேச்சுவார்த்தை. ஆயினும், சந்தா செலுத்துவதோடு நம் கடமை முடிவதில்லை. ரசீது கேளுங்கள். விதிகளைப் படியுங்கள். வரவு செலவுக் கணக்கைப் பாருங்கள். பொதுக்குழுவில் எழுந்து பேசுங்கள், பொறுப்புகளுக்குப் போட்டியிடுங்கள். துப்புரவுத் தொழிலாளியின் கையுறையும் காலணியும் கோரிக்கைப் பட்டியலின் இறுதியில் இருந்தால், அதனை முதலிடத்திற்குக் கொண்டு வாருங்கள். இதற்கே நம் கழகம் எழுத்தறிவித்தது.

நம் ஊர்க் கோட்டையைப் பாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும் தனித்தனியே நிற்கின்றன. அவற்றை இணைக்கும் மதிலே அவற்றைக் கோட்டையாக்கிற்று. அம்மதிலில் எந்தக் கல்லும் தாழ்ந்த கல்லன்று. நம்மைத் தாழ்ந்த கல்லாக வைக்கும் சங்கத்தைத் திருத்துவோம். சமமாக வைக்கும் சங்கத்தைக் காப்போம்.

ஜெய் பீம்!