இணையவழிப் பாடம் எனக்கு ஒத்துவருமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த மேடையில் கேள்வி கேட்பது என் வேலை. இன்று பதில் சொல்லும் இடத்தில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். ஆகவே முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். 2021ஆம் ஆண்டு, இணைய விளம்பரத் துறை பற்றிய ஒரு பாடத்தில் காசு கட்டிச் சேர்ந்தேன். மொத்தம் 12 பாடங்கள். எல்லாம் முன்கூட்டியே பதிவு செய்த காணொளிகள். விரும்பிய நேரத்தில் பார்க்கலாம். நான் மூன்றாவது பாடத்தோடு நின்றுவிட்டேன்.

அதே ஆண்டு என் அக்காவும் ஓர் இணையவழிப் பாடத்தில் சேர்ந்தார். அவர் சாதாரண நிலைத் தேர்வோடு படிப்பை நிறுத்தியவர். கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கிறார். எக்செல் பாடத்தை முழுவதும் முடித்து, சான்றிதழைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தார். வெகுமக்கள் தொடர்பியலில் டிப்ளோமா வாங்கிய நான், தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்தேன். "இனிமேல் உனக்குப் படிப்பு ஏறாது" என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

அந்தத் தீர்ப்பு தவறானது. அதை எடுத்துச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கண்ணா, காதா?

"நான் கண்ணால் பார்த்துக் கற்பவன்", "நான் காதால் கேட்டுக் கற்பவள்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் நீங்கள் எந்த ரகம் என்று சொல்லிவிடும் சோதனைகளும் உண்டு. 2008ல் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் நால்வர், ஹெரால்ட் பாஷ்லர் தலைமையில், இதுபற்றி வெளிவந்த ஆய்வுகளை அலசிப் பார்த்தார்கள். ஒருவருடைய ரகத்துக்கு ஏற்றபடி பாடம் நடத்தினால் அவர் நன்றாகக் கற்பார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அவர்களின் முடிவு. விருப்பம் என்பது உண்டு. ஆனால் விருப்பம் வேறு, கற்பது வேறு.

பெரும்பாலும் பாடம்தான் வழியைத் தீர்மானிக்கிறது. வரைபடத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். உச்சரிப்பைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். முதியோரைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைப்பதைக் கையால் செய்துதான் பழக வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா?

ஆகவே, "நான் எந்த ரகம்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, மூன்று கேள்விகளைக் கேட்போம்.

முதல் கேள்வி: நேரத்தை யார் குறிப்பது?

ஹார்வர்ட், எம்ஐடி ஆகிய பல்கலைக்கழகங்கள் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய பாடங்களைப் பற்றிய ஆய்வு 2019ல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்தது. 2017-18ல் அப்பாடங்களில் இறங்கிய 100 பேரில் முடித்தவர்கள் ஏறக்குறைய 3 பேர்தான்! சான்றிதழுக்குக் காசு கட்டியவர்களில்கூட 100க்கு 46 பேரே முடித்தார்கள். மீதிப் பேர் எல்லாரும் மூளை இல்லாதவர்களா? இல்லை. "எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்" என்பது பலருக்கு "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆகிவிடுகிறது.

எனக்கு நேர்ந்ததும் அதுதான். படப்பிடிப்பு ஒருநாள் காலையில், மறுநாள் இரவில். என் வேலையில் நிலையான நேரமே கிடையாது. அக்காவோ விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, வேலைக்குக் கிளம்புமுன் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். தினமும் அதே நேரம். நேரத்தை நாமே குறித்துக்கொள்ள முடிந்தால் பதிவுக் காணொளி போதும். முடியாவிட்டால், குறித்த மணிக்கு ஆசிரியர் வந்து பெயர் சொல்லி அழைக்கும் நேரலை வகுப்பைத் தேடுங்கள்.

இரண்டாவது கேள்வி: எங்கே உட்காருவீர்கள்?

2020 ஏப்ரலில் பள்ளிகள் முழுநேர வீட்டுப் பாடத்துக்கு மாறியதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். எத்தனையோ மூவறை வீடுகளில், சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் மகன், மறுமுனையில் மகள், நடுவில் அப்பாவின் அலுவலகக் கூட்டம், பின்னால் பாட்டியின் நாடகம். கணினி இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிகள் இரவல் கொடுத்தன. அமைதியை யார் இரவல் கொடுப்பது? வீட்டில் இடம் இல்லையென்றால் நூலகம் இருக்கிறது. அதற்கும் வழியில்லை என்றால், வகுப்பறைக்கு நேரில் போகும் பாடமே நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மூன்றாவது கேள்வி: சிக்கிக்கொண்டால் யாரைக் கேட்பீர்கள்?

நம்மில் பலருக்கு ஆங்கிலத்தில் வேகமாக நடத்தினால் தடுமாற்றம்தான். இந்த இடத்தில் பதிவுக் காணொளிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. அக்கா சொன்னார்: "வகுப்பில் ஆசிரியரைப் பத்துத் தடவை திருப்பிச் சொல்லச் சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். காணொளி அலுத்துக்கொள்ளாமல் சொல்லும்." ஆனால் காணொளி நம் சந்தேகத்துக்குப் பதில் சொல்லாதே! அதற்கு அக்காவுக்கு மகன் இருந்தான். எனக்கு யாரும் இல்லை. மூன்றாவது பாடத்தில் ஒரு கணக்குப் புரியவில்லை. அன்று மூடிய கணினியில் அந்தப் பாடத்தைப் பிறகு திறக்கவே இல்லை. சேருமுன்னே, கேள்வி கேட்க ஆள் உண்டா, எத்தனை நாளில் பதில் வரும் என்று விசாரியுங்கள்.

காசு கட்டுமுன் ஒரு வாரம்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அதனால் முதலில் அதே துறையில் இலவசமாகக் கிடைக்கும் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் மூன்று நாள், நீங்கள் படிக்கப்போகும் அதே நேரத்தில், அதே இடத்தில், அரை மணி நேரம் பாருங்கள். மறுநாள் எதையும் பார்க்காமல், நேற்றுக் கற்றதை ஐந்து வரி எழுதுங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பதே ஒரு வாரம் கழித்தும் மனத்தில் நிற்கிறது என்று ரோடிகர், கார்ப்பிக்கே என்னும் ஆய்வாளர்கள் 2006ல் காட்டினார்கள். எழுத முடிந்தால் சேருங்கள். மூன்று நாள் உட்காரவே முடியவில்லையா? உங்கள் காசு மிஞ்சியது என்று மகிழுங்கள். வேறு முறையைத் தேடுங்கள்.

காசு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை வழங்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட பாடங்களுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த முடியும். அந்தத் தொகைக்குக் காலாவதி கிடையாது. ஆகவே அண்டை வீட்டார் சேர்ந்துவிட்டார் என்று அவசரப்பட வேண்டாம்.

என் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகள் கழித்துக் காணொளித் தொகுப்புப் பாடம் ஒன்றில் சேர்ந்தேன். செவ்வாய்தோறும் இரவு ஏழரைக்கு நேரலை வகுப்பு, வாரம் ஒரு ஒப்படைப்பு. அந்த ஓர் இரவுக்கு மட்டும் படப்பிடிப்பு வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு வகுப்பையும் தவறவிடாமல் முடித்தேன். மூளை அதேதான், நேயர்களே, முறைதான் மாறியது.

பாதியில் நின்ற பாடம் ஒன்று உங்களிடமும் இருக்கலாம். உங்களுக்குப் படிப்பு வராது என்பதற்கு அதைச் சாட்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். எந்த இடத்தில், எதனால் நின்றது என்று மட்டும் பாருங்கள். அடுத்த பாடத்தைத் தேர்ந்தெடுக்க அதுவே வழிகாட்டும்.

இப்போது எங்கள் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு சான்றிதழ்கள் இருக்கின்றன. அக்காவுடையதுதான் மேலே.