கொல்லாமல் காக்கும் பச்சிலைகள்
(கும்பகோணத்தில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



எறும்பு மூவறிவுயிர்; ஈயும் கொசுவும் நாலறிவுயிர். அவற்றைக் கொல்லாமலே நெல்லையும் இல்லத்தையும் காப்பது எவ்வாறு?

இவ்வூரில் ஆசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். கும்பகோணத்துச் சமணப் பெருமக்கள் அவருக்குப் பொருள் விளக்கி உதவினர். அதுவரை அந்நூல் பெரும்பாலும் ஓலைச்சுவடிகளிலேயே வாழ்ந்தது. சுவடியைப் பூச்சி அரிக்காதிருக்க வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு முதலியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்துவைக்கும் முறை தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் உண்டு. அங்கே மணமே வேலி.

அவ்வேலியை நாமும் இடலாம். நன்கு உலர்த்திய நெல்லில் காய்ந்த நொச்சியிலையும் வேப்பிலையும் இடுக. நொச்சிப் புகை போடும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். கொசு வெளியேற வழி வேண்டும். நீர்த்தொட்டியை மூடிவைத்தால் அது முட்டையிடவும் இடமில்லை.

தோட்டத்தில் ஓர் எச்சரிக்கை. வேப்பெண்ணெய் எவ்வுயிரையும் கொல்லாது என்று எண்ணிவிடாதீர்கள். அது பூச்சிகளின் தின்னும் விருப்பத்தைக் கெடுப்பதோடு, இளம்புழுக்கள் தோலுரித்து வளர்வதையும் தடுக்கும். ஆதலால் புழு மொய்த்த செடியில் அதைத் தெளிப்பது இம்சையே. செடி தளிர்க்கும்போதே தெளித்தால் பூச்சிகள் பெரும்பாலும் அணுகா.

பச்சிலையாயினும் காலந்தாழ்ந்தால் கொலைக்கருவியாகும். கவனமின்மையே இம்சைக்கு வாயில் என்பது நம் அறம். வருமுன் காப்போம்.