எண்பதுகளின் பாட்டும் படமும்

கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குத் திடல் படம் நினைவிருக்கும். பொழுது சாய்ந்ததும் வெள்ளைத் திரை கட்டுவார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போவோம். விடியுமுன் பால்மரக் காட்டுக்குப் போக வேண்டும் என்பதுகூட மறந்துபோகும். பின்னர் வீடியோ நாடா வந்தது. லயத்தில் ஒரு வீட்டில் அந்தப் பெட்டி இருந்தால் அண்டை அயலார் எல்லாரும் அங்கே கூடினோம்.

இன்று படம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு மூலையில் இருந்து நான்கு படம் பார்க்கிறோம். பார்ப்பது கூடியிருக்கிறது; பார்த்ததைப் பற்றிக் கூடிப் பேசுவது குறைந்துவிட்டது. ஆகவே, எண்பதுகளில் வந்த நான்கு படங்களை இன்று உங்கள் முன் வைக்கிறோம். படம் முடிந்த பின்னர், நாம் தள்ளிப்போட்டு வந்த ஒரு பேச்சை அது வீட்டில் தொடங்கி வைக்க வேண்டும். இந்த ஒரே அளவுகோலைக் கொண்டுதான் இவற்றைத் தேர்ந்தோம்.

முதலாவது, 1985இல் பாரதிராஜா இயக்கிய 'முதல் மரியாதை'. இதில் சிவாஜி கணேசனுக்காகப் பாடியவர் நம் மண்ணில் பிறந்து சென்னைக்குச் சென்ற மலேசியா வாசுதேவன். இளையராஜா அமைத்த மெட்டுகளில் அவர் குரல் வயல்காட்டுக் காற்றைப் போல விரிந்து வரும். அவர் 2011இல் மறைந்தார், குரல் மறையவில்லை. இப்படத்தின் பாடல்களுக்காக வைரமுத்து தேசிய விருது பெற்றார். கதையில் ஊரே மதிக்கும் பெரியவர் ஒருவர், தம் வீட்டுக்குள் ஆறுதலாக ஒரு சொல் கிடைக்காமல் வாழ்கிறார். நம் வீட்டுத் தாத்தா திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கிறோம். அவர் மனத்தில் இருப்பதை என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

இரண்டாவது, அதே ஆண்டு கே. பாலசந்தர் தந்த 'சிந்து பைரவி'. இசைக்காக இளையராஜாவும், நடிப்புக்காக சுஹாசினியும், பாடியதற்காக சித்ராவும் தேசிய விருது பெற்ற படம் இது. சித்ராவுக்கு விருது வாங்கித் தந்த பாட்டு நாட்டுப்புற மெட்டில் தொடங்கி, தியாகராசர் கீர்த்தனையில் போய்ச் சேரும். நாற்று நடுகிறவர் பாட்டும் சபையில் பாடும் பாட்டும் ஒரே ஊற்றில் பிறந்தவை என்பதை இதைக் கேட்டால் பிள்ளைகளும் உணர்வார்கள். ஆனால் படத்தில் இன்னொன்றும் உண்டு. பெரிய பாடகர் ஒருவர் குடியில் விழுந்து மானம் இழக்கிறார். சம்சுவினால் அழிந்த குடும்பங்களை நாம் தோட்டத்தில் கண்ணால் கண்டிருக்கிறோம். அப்பாவிடம் நேரே சொல்ல முடியாததை இந்தப் படம் சொல்லிவிடும். அவர் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள், அதுவே போதும்.

மூன்றாவது, விசு எழுதி இயக்கி, ஏவி.எம். தயாரித்த 'சம்சாரம் அது மின்சாரம்'. 1986இல் வந்தது. வீட்டுச் செலவில் தன் பங்கு எவ்வளவு என்று மூத்த மகன் கணக்குப் பார்க்கத் தொடங்க, வீட்டின் நடுவே கோடு விழுகிறது. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்ட பிறகு, நம் பிள்ளைகள் பலர் ஆலைச் சம்பளம் வாங்குகிறார்கள். சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு, தமக்கு எவ்வளவு என்பதைச் சண்டை வருமுன் உட்கார்ந்து பேசிக்கொள்வது நல்லது. ஒன்றாக இருந்து கசப்பதா, சற்று விலகி இருந்து அன்பைக் காப்பதா என்ற கேள்விக்கு, மருமகள் உமாவாக வரும் லட்சுமி கடைசியில் சொல்லும் விடையைக் கவனியுங்கள்.

நான்காவது, பாலு மகேந்திராவின் 'வீடு'. 1988இல் திரைக்கு வந்தது. இதில் பாட்டு இல்லை, சண்டை இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வேலைக்குப் போகும் சுதா என்ற பெண், தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு சிறு வீடு கட்டப் புறப்படுகிறாள். சுதாவாக நடித்த அர்ச்சனா தேசிய விருது பெற்றார். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதரை ஒரு முறை பார்த்தால் மறக்க முடியாது.

நேயர்களே, ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற நிலையை அனுபவித்தவர்கள் நாம். நாற்பது ஆண்டு உழைத்த கைகளுக்கு ஒரு கூரை சொந்தமில்லை. தாமான் வீட்டுக்கு முன்பணம் கட்டவும், கிடைத்த துண்டு நிலத்தில் வீடு எழுப்பவும் சேமநிதிப் பணத்தை எடுத்தவர்கள் நம்மில் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு இப்படம் ஒரு பாடம். குத்தகைக்காரர் சிமெண்டு மூட்டைகளை விற்றுக் காசாக்குகிறார். அதை வெளிப்படுத்துகிறவர் யார்? அங்கே கூலி வேலை செய்யும் மங்கம்மா. முடிவைச் சொல்லிச் சுவையைக் கெடுக்க மாட்டோம். ஆனால் பார்த்து முடித்ததும் மூன்று காரியங்கள் நினைவில் நிற்கட்டும். பணம் கொடுக்குமுன் நில அலுவலகத்தில் அந்த நிலத்தின் பதிவைப் பார்க்க வேண்டும். குத்தகைக்காரருக்கு வேலை முடிய முடியப் பகுதி பகுதியாகத்தான் பணம் தர வேண்டும். கொடுத்த ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது வாங்க வேண்டும்.

மாதம் ஒரு படம் போதும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் கைப்பேசிகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பாட்டி முதல் பேரன் வரை ஒரே பாயில் அமருங்கள். படம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். "அந்த இடத்தில் நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். திடலில் கட்டிய வெள்ளைத் திரை போய்விட்டது. அதன் முன் கூடியிருந்த குடும்பம் போய்விடக் கூடாது.