‘இண்டென்ச்சர்’: ஒரு சொல்லின் பொருள்



ஆங்கிலத்தில் இன்று அரிதாக வழங்கும் ‘இண்டென்ச்சர்’ என்னும் சொல்லின் பொருளை ஆராய்வோம். பல்லைக் குறிக்கும் ‘டென்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே இதற்கு வேராகும். பல் மருத்துவரைக் குறிக்கும் ‘டென்டிஸ்ட்’ என்பதும் அவ்வேரிலிருந்து கிளைத்ததே.

பல்லுக்கும் பத்திரத்திற்கும் யாது தொடர்பு? முற்கால இங்கிலாந்தில் உடன்படிக்கையை ஒரே தோலில் இருமுறை எழுதி, நடுவே பற்களைப் போல வளைத்து வெட்டுவர். இரு தரப்பாரும் ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வர். வழக்கு எழுந்தால் இரண்டையும் இணைத்துப் பார்ப்பர். விளிம்புகள் பொருந்தினால் பத்திரம் மெய், பொருந்தாவிடில் போலி.

தொழில் பயிலும் இளைஞர் தம் ஆசானோடு செய்துகொள்ளும் பத்திரமும் இப்பெயர் பெற்றது. தோட்ட அலுவலகத்தில் கிராணியார் பொருள்களை வேண்டி எழுதும் ‘இண்டென்ட்’ என்பதும் இச்சொல்லின் உறவே.

நம் வரலாற்றிலோ இச்சொல் கசப்பானது. நம் முன்னோருள் ஒரு பகுதியினர் மலாயாவின் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கு இத்தகைய ஒப்பந்தத்தின் கீழ் வந்தனர். காலம் முடியுமுன் வேலையை விட்டு நீங்கினோர் சிறைத்தண்டனைக்கும் ஆளாயினர். இரு தரப்பாரையும் சமமாக நிறுத்தத் தோன்றிய பத்திரம் ஒரு தரப்பாரின் கருவியாயிற்று. மலாயாவில் இம்முறை 1910ஆம் ஆண்டு ஒழிந்தது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு மேலும் வளர்ந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் விதித்த தடையால் அதுவும் நின்றது.

இன்று நிலைமை வேறு. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்திற்கு மேற்பட்ட காலத்திற்குரிய வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். இரு தரப்பாரும் அதனை எவ்வாறு முடித்துக்கொள்ளலாம் என்பதும் அதில் குறிக்கப்படல் வேண்டும்.

ஆகவே, விளங்காத தாளில் ஒப்பமிடாதீர்கள். விளங்கும் மொழியில் படித்துக் காட்டுமாறு கேளுங்கள். கூலி, வேலை நேரம், விடுமுறை, முன்னறிவிப்புக் காலம் ஆகியவற்றைக் கவனியுங்கள். படி ஒன்றைக் கேட்டு வாங்கி, பிறப்புப் பத்திரத்தோடு பத்திரப்படுத்துங்கள். படிக்க இயலாத பெரியோருக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் துணை நிற்கட்டும்.

பல் வெட்டிய தோலின் ஒரு பாதி தொழிலாளியின் கையிலும் இருக்க வேண்டும் என்பதே அச்சொல்லின் உண்மைப் பொருள். அப்பாதியை நாம் இழத்தலாகாது.