குதிரையோடு சேணமும் சேருமா?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் கால்நடை மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



மாட்டுச் சந்தையிலே ஒரு ஜோடி காளையைப் பேசி முடித்தால், கயிறு யாருக்கு என்று சண்டை வருவதில்லை. சில ஊர்களில் விற்கிறவர் தம் கயிற்றை அவிழ்த்துக்கொள்வார், வாங்குகிறவர் பக்கத்துக் கடையில் புதுக்கயிறு வாங்கிப் பிடிப்பார். சில ஊர்களில் கயிற்றோடு கைமாற்றிக் கொடுப்பார்கள். எதுவானாலும் அந்தந்த வட்டாரத்து வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கயிறு போனாலும் பெரிய நஷ்டமில்லை.

குதிரை விஷயம் அப்படியில்லை. சேணம், கடிவாளம், லகான், வயிற்றை இறுக்கும் வார், தலைக்கயிறு, கொள்ளுப்பை என்று ஒரு மூட்டை சாமான் அதோடு இருக்கிறது. இதெல்லாம் விலையில் சேர்ந்ததா, சேராததா? சேர்த்து வாங்குவது நல்லதா, விட்டுவிட்டு வருவது நல்லதா? இதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

"இந்தக் காலத்தில் குதிரை யாருக்குங்க வேணும்?" என்று சிலர் கேட்கலாம். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். கத்தியவார் என்ன, மார்வார் என்ன, நம்ம ஊர் மட்டக்குதிரை என்ன, வரிசையாகக் கட்டியிருப்பார்கள். பழனி மலைப்பக்கம் வண்டி போகாத தோட்டங்களிலிருந்து காப்பி மூட்டையும் மலைவாழைத் தாரும் குதிரை முதுகில்தான் இறங்குகின்றன. அந்தப் பக்கத்து விவசாயிக்குக் குதிரை என்றால் நமக்கு உழவு மாடு மாதிரி. அதன் முதுகு போனால் அவருடைய வெள்ளாமை தோட்டத்திலேயே கிடக்கும்.

அப்படி ஒருத்தருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். நல்ல உழைப்பாளி, நாலு ஏக்கர் காப்பி. ஒரு சந்தையில் பொதி சுமக்க நல்ல கட்டுமஸ்தான மட்டக்குதிரை ஒன்றைப் பார்த்தார். விலை படியவில்லை. ஆயிரம் குறைக்கச் சொல்லி இவர் நிற்கிறார், குறைக்க மாட்டேன் என்று அவர் நிற்கிறார். கடைசியில் விற்கிறவர், "சரிங்க, விலையைக் குறைக்கலை. ஆனா பொதிச் சேணத்தைச் சும்மா தர்றேன், எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சேணம் தனியாகச் செய்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே மலை ஏறினார்.

அந்தச் சேணம் அந்தக் குதிரையுடையதே இல்லை. முன்னால் அவரிடம் இருந்த, முதுகு அகன்ற வேறொரு குதிரைக்குச் செய்தது. இந்தக் குதிரைக்கோ ஒடுங்கிய முதுகு. பிடரி முடிகிற இடத்தில் முதுகு தொடங்கும் முன் ஒரு மேடு இருக்கிறதே, சேணத்தின் வளைவு அந்த மேட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் ரோமம் உதிர்ந்தது. "புதுச் சேணம் பழகுற வரைக்கும் அப்படித்தான்" என்று யாரோ சொல்ல, இவரும் ஒரு சாக்கை மடித்து அடியில் வைத்துச் சுமை ஏற்றினார். மூன்றாம் வாரம் மேடு வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. என்னிடம் கொண்டுவந்தபோது ஒரு விரல் உள்ளே போகிற ஆழத்துக்குப் புரை ஓடியிருந்தது. பழம் பறிக்கிற பருவத்தில் மூன்று மாதம் அந்தக் குதிரை லாயத்தில் நின்றது. இவரும் மனைவியும் தலைச்சுமையாகவும், அடுத்தவர் குதிரைக்கு வாடகை கொடுத்தும் மூட்டையை இறக்கினார்கள். அந்த வாடகைக்கு இரண்டு புதுச் சேணம் செய்திருக்கலாம்.

ஆகவே சேணத்தைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம் இதுதான். நம் கால் செருப்பை அடுத்தவர் போட்டால் கடிக்கும், சேணமும் அப்படியே. அந்தக் குதிரைக்கென்று செய்து, அதன் முதுகில் புண்ணில்லாமல் உழைத்த சேணமாக இருந்தால் விலை கொடுத்தாவது வாங்குங்கள். இல்லாவிட்டால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

பொருந்துகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் சேணத்தை இறக்கச் சொல்லுங்கள். சந்தையில் பல பேர் சேணம் பூட்டிய குதிரையைத்தான் காட்டுவார்கள். அழகாக இருக்கும், அடியில் புண் இருந்தாலும் தெரியாது. "இறக்கிக் காட்டுங்க" என்று சொன்னால் சில பேர் முகம் மாறும். அந்த முகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் முதுகில் கையை வைத்து, மேட்டிலிருந்து இடுப்பு வரை அழுத்தித் தடவுங்கள். வலி இருந்தால் முதுகை நெளித்துத் தாழ்த்தும், காதைப் பின்னால் மடிக்கும், திரும்பிக் கடிக்கப் பார்க்கும். கருங்குதிரையிலோ செங்குதிரையிலோ முதுகில் திட்டுத் திட்டாக வெள்ளை ரோமம் இருந்தால் அது பழைய புண் ஆறின தழும்பாக இருக்கும். ராசி, சுழி பார்க்கிறவர்கள் அந்த வெள்ளையை அதிர்ஷ்டம் என்று சொன்னாலும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அது யாரோ அளவில்லாத சேணம் போட்ட கதைதான்.

பிறகு அவரையே சேணம் பூட்டச் சொல்லிக் கூட நின்று பாருங்கள். சுமையோ ஆளோ ஏறின பிறகும் மேட்டுக்கும் சேண வளைவுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் தாராளமாகப் போகவேண்டும். பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் முதுகெலும்பு நெடுக வெளிச்சம் தெரியவேண்டும். இது நான் மட்டும் சொல்கிற சேதி இல்லை. இழுவை, பொதி மிருகங்களுக்காக 1965-ல் மத்திய அரசு போட்ட விதிகளிலேயே, மேட்டுக்கும் சேணத்துக்கும் இடைவெளி இல்லாமல் குதிரைக்குச் சேணம் பூட்டக்கூடாது என்று இருக்கிறது. மட்டக்குதிரை மேல் 70 கிலோவுக்கு மேலே பொதி ஏற்றக்கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு.

கடிவாளத்துக்கு நான் இதையே மாற்றிச் சொல்வேன்.

கடிவாளம் வாய்க்குள் போகிற பொருள். ஒரு குதிரை எந்த இரும்புக்குப் பழகியிருக்கிறதோ அதற்குத்தான் அமைதியாகத் திரும்பும், நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், பழைய கடிவாளம் துருப்பிடித்திருக்கிறதே என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டவுனில் பளபளவென்று முறுக்குக் கம்பி வைத்த ஒன்றை வாங்கிப் போட்டார். அதுவரை சாதுவாக இருந்த குதிரை. பையன் ஏறி லகானை ஒரு இழுப்பு இழுத்தான். முன்னங்காலைத் தூக்கி நின்றது. பையன் கீழே விழுந்து முழங்கை முறிந்தது. "குதிரை கெட்ட குதிரை, ஏமாத்திட்டான்" என்று விற்றவர் மேல் கோபித்துக்கொண்டு போனார். குற்றம் விற்றவர் மேலும் இல்லை, குதிரை மேலும் இல்லை.

ஆகையால் குதிரையின் வாய்க்குப் பழகின கடிவாளத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தோல்வார் பழசாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம், இரும்பு முக்கியம். ஒன்று மட்டும் பாருங்கள். அந்த இரும்பில் முள்ளோ, பல்லோ, கூரான முடிச்சோ இருந்தால், அந்தக் குதிரை அடங்கி நிற்பது பழக்கத்தாலே இல்லை, வலியாலே. முள் வைத்த கடிவாளம் அதே 1965 விதிகளின்படி கூடாது. உதட்டு ஓரத்தையும் நாக்கையும் திறந்து பாருங்கள். கிழிசலும் காய்ப்பும் இருந்தால் யோசித்து விலை பேசுங்கள்.

தலைக்கயிறு குதிரையோடு வரவேண்டும். அதில்லாமல் எப்படி வீட்டுக்கு ஓட்டிப் போவது? லாடம் அதன் காலில் இருக்கிறது, அதைக் கழற்றிக்கொண்டா விற்பார்கள்! ஆனால் அடித்து எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். ஆறு வாரத்துக்கு மேல் என்றால் லாடக்காரர் கூலியை உங்கள் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொள்ளுப்பை, தண்ணீர் வாளி, தேய்க்கிற பிரஷ், பழைய கம்பளி இவற்றை இலவசம் என்று வாரிக்கொண்டு வராதீர்கள். படர்தாமரை இவற்றிலே ஒட்டிக்கொண்டு வரும், உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தொற்றும். இன்னொன்று கிளாண்டர்ஸ் என்கிற நோய். மூக்கில் சீழ் ஒழுகும், தோலில் முடிச்சு முடிச்சாகப் புண் வரும். குதிரை, கழுதை, கோவேறு கழுதைக்கு வந்தால் மருந்தில்லை. மனிதருக்கும் வரும், உயிருக்கே ஆபத்து. ஒரே வாளியில் குடிப்பது, ஒரே பையில் தின்பது இதற்கெல்லாம் நல்ல வழி. 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி, இந்த நோய் என்று சந்தேகம் வந்தாலே கால்நடைத் துறைக்குச் சொல்லவேண்டும். ரத்தம் எடுத்து அனுப்பினால் ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி நிலையத்தில் சோதித்துச் சொல்வார்கள். வெளிமாநிலக் குதிரை வாங்குகிறவர்கள் இந்தச் சோதனைச் சீட்டைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

பழைய சேணமோ வாரோ வாங்கினால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவி ஊறவிடுங்கள். வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும். வயிற்றுவாரை இரண்டாக மடித்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் வேண்டாம். தையலைப் பலமாக இழுத்துப் பாருங்கள். பாதி மலையில் வார் அறுந்தால் மூட்டை மட்டுமா போகும்?

கேட்டு வாங்கவேண்டிய இன்னொன்றை யாருமே கேட்பதில்லை. அது தின்று பழகின தீனி. கொள்ளா, கடலைப்பொட்டா, தவிடா என்று கேட்டுக்கொண்டு, நாலு நாளைக்கு ஆகிற அளவு அதே தீனியை ஒரு சாக்கில் வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் குறைத்து உங்கள் தீனியைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். திடீரென்று மாற்றினால் குதிரைக்கு வயிற்றுவலி வரும். மாடு மாதிரி அது அசை போடுகிற ஜீவன் இல்லை, வாந்தி எடுக்கவும் தெரியாது. வயிற்றுவலியிலேயே செத்துப்போன குதிரைகள் எத்தனையோ.

இனி விலை. நம் பக்கத்தில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுகிற பழக்கம் உண்டு. விரல் தொகையைச் சொல்லும். அதில் சேணம் அடங்குமா, கடிவாளம் அடங்குமா என்று விரல் சொல்லாது. தரகர் இரண்டு பக்கமும் தலையாட்டுவார். பணம் கைமாறின பிறகு இவர் "எல்லாம் சேர்த்துத்தானே" என்பார், அவர் "குதிரைக்குத்தானே விலை" என்பார். குதிரை விற்றால் சாமானும் சேர்ந்து போகும் என்று 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் சொல்லவில்லை. இரண்டு பேரும் என்ன பேசினார்களோ அதுதான் ஒப்பந்தம்.

அதனால் குதிரைக்கு ஒரு விலை, சாமானுக்குத் தனி விலை என்று பேசுங்கள். குதிரை நாற்பதாயிரம், சேணமும் கடிவாளமும் நாலாயிரம் என்று வைத்துக்கொள்வோம். தனியாகச் சொன்னால்தான் சேணத்தை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு வாய் வரும். மொத்தமாகப் பேசினால், வேண்டாத சேணத்துக்கும் குதிரை விலைக்குள்ளே பணம் கொடுத்துவிட்டு, இலவசம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். முடிந்ததும் ஒரு துண்டுச் சீட்டில் குதிரையின் நிறம், வயது, அடையாளம், கூட வருகிற சாமான் ஒவ்வொன்றும், தொகை எல்லாம் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாயைத் திறந்து கேட்பதிலும் ஒரு பலன் இருக்கிறது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் பதினேழாம் பிரிவில் உதாரணத்துக்கு ஒரு குதிரையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். குதிரைக்குக் குறை இருப்பது தெரிந்தும் ஏலத்தில் விற்கிறவர் பேசாமல் இருந்தால், அது மட்டும் மோசடி ஆகாதாம். ஆனால் வாங்குகிறவர், "நீங்க இல்லைன்னு சொல்லாட்டி, குதிரை குறையில்லாததுன்னு எடுத்துக்குவேன்" என்று சொல்லி, அதற்கு அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். ஆகவே நாலு பேர் முன்னிலையில் கேளுங்கள்: "இந்தச் சேணம் இந்தக் குதிரை போட்டு உழைச்சதுதானுங்களா? முதுகிலே புண்ணு வந்தது உண்டுங்களா?"

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் வேறு குதிரை இல்லை, இனி வாங்கப்போவதும் இல்லை என்றால் சேணத்தைப் பரணில் போட்டு வைக்காதீர்கள். ஒரு மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும், மிச்சத்தை எலி பார்த்துக்கொள்ளும். குதிரையோடு நியாயமான விலைக்குக் கொடுத்துவிடுங்கள். வேறு குதிரையின் சேணம் என்றால் அதையும் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அடுத்த ஆடிக்கும் அதே சந்தைக்குத்தானே நீங்கள் போகவேண்டும்!

அந்தக் காப்பித் தோட்டக்காரரின் குதிரை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புரையைத் திறந்துவிட்டுத் தினமும் கழுவினோம். குதிரைக்குச் சின்னப் புண் வழியாகக்கூட வில்வாத ஜன்னி வந்துவிடும் என்பதால் அதற்கும் ஊசி போட்டோம். முதுகு நன்றாக ஆறி ரோமம் முளைத்த பிறகு, குதிரையையே சேணம் தைக்கிறவர் வீட்டு வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போய், முதுகில் அளவு எடுக்கச் சொல்லிப் புதிதாகச் செய்துகொண்டார். இப்போது சுமை ஏற்றும் முன்னும் இறக்கின பின்னும் முதுகைத் தடவிப் பார்க்கிறார். மேட்டின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் வெள்ளையாகவே முளைத்திருக்கிறது. அடுத்த சந்தையில் அதைப் பார்த்து ஒருத்தர், "நல்ல அதிர்ஷ்டக் குதிரைங்க, குடுக்கறீங்களா?" என்று கேட்டாராம்.